சின்னக் கேமராவோடு தேக்காவில்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2021 ஜனவரியில் ஃபியூஜிஃபில்ம் அறிவித்த எக்ஸ்-இ4 கேமராவின் முன்பக்கத்தில் விரல் பிடிக்க ஒரு மேடுகூடக் கிடையாது. முந்தைய மாடலில் இருந்த சிறு புடைப்பையும் எடுத்துவிட்டுத் தட்டையாகச் செய்துவிட்டார்கள். பேட்டரி, கார்டு உட்பட 364 கிராம். அதோடு வந்த 27 மி.மீ. எஃப்2.8 லென்ஸ் 84 கிராம். இரண்டும் சேர்ந்தே அரைக் கிலோவுக்கும் குறைவுதான். தோள்பையில் போட்டால் இருப்பதே தெரியாது.

கடையின் ஏசியில், உலர்ந்த கையோடு பிடித்துப் பார்க்கும்போது இந்தத் தட்டை வடிவம் அழகாகத்தான் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்குச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்கா மார்க்கெட் பக்கத்து பஃபலோ ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள். வியர்த்த உள்ளங்கையில் கேமரா நிற்காது, நழுவும். இந்த ஊரில் கிரிப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் எதைச் சேர்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சின்னக் கேமராவின் பெரிய பலம், அதைத் தூக்கும்போது எதிரில் இருப்பவர் மிரளாமல் இருப்பது. கிரிப், வார், லென்ஸ் என்று எது சேர்ந்தாலும் அந்தப் பலம் குறையக் கூடாது. கீழே உள்ளவற்றை அந்த ஓர் அளவுகோலை வைத்தே சொல்கிறேன்.

செய்யுங்கள்: சுண்டு விரலுக்கு இடம் கிடைக்கிறதா என்று பார்த்துக் கிரிப் வாங்குங்கள்

சின்னக் கேமராக்கள் உயரம் குறைந்தவை. நடுவிரலும் மோதிர விரலும் முன்பக்கத்தில் பதிந்துவிடும், சுண்டு விரல் மட்டும் அந்தரத்தில் தொங்கும். அப்போது முழு எடையையும் கட்டை விரலும் நடுவிரலும் நெருக்கிப் பிடித்தே தாங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கட்டை விரலின் அடிச்சதை வலிக்கத் தொடங்கும். வலிக்கிற கை நடுங்கும். எக்ஸ்-இ4 உடலுக்குள் கை அசைவைச் சமன்செய்யும் வசதி இல்லை, 27 மி.மீ. லென்ஸிலும் இல்லை. ஆகவே அந்த நடுக்கம் அப்படியே படத்தில் இறங்கும். நல்ல கிரிப் கேமராவின் அடிப்பக்கத்தைச் சற்று நீட்டிச் சுண்டு விரலுக்கு ஒரு விளிம்பு தருகிறது, முன்பக்கத்தில் விரல்கள் வளைந்து பிடிக்க ஒரு மேடும் தருகிறது. கேமராவை ஒரு கையால் தொங்கவிட்டபடி நடக்க அது போதும்.

இந்தக் குறை உற்பத்தியாளர்களுக்கும் தெரியும். பேட்டரியோடு சேர்த்தே 200 கிராம் சொச்சம் எடையில் 2013-இல் ஜிஎம்1 கேமராவைக் கொண்டுவந்த பானாசோனிக், அதற்குத் தனிக் கிரிப்பையும் விற்றது. 2014-இல் வந்த ஒலிம்பஸ் இ-எம்10 கேமராவுக்கான இசிஜி-1 கிரிப்பில் ஒரு சிறு நெம்புகோல் இருந்தது, அதைத் தட்டினால் மேடு கழன்று பேட்டரிக் கதவு திறக்க வழி கிடைக்கும். 2023-இல் சோனி, ஏ7சிஆர் கேமராவின் பெட்டிக்குள்ளேயே ஜிபி-எக்ஸ்2 கிரிப்பை வைத்துக் கொடுத்தது, அதே உடலமைப்புள்ள ஏ7சி2 வாங்குபவர்கள் அதைத் தனியாக வாங்க வேண்டும். எக்ஸ்-இ4-க்கு எம்எச்ஜி-எக்ஸ்இ4 என்ற உலோகக் கிரிப் இருக்கிறது. மற்ற நிறுவனங்களின் மலிவான கிரிப்புகளும் கிடைக்கும். பெயரைப் பார்த்து வாங்காமல் கையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை: ஆள்காட்டி விரல் தேடாமல் ஷட்டர் பொத்தானில் விழுகிறதா? கிரிப் கையை முன்னால் தள்ளிவிடுவதால், பின்பக்கப் பொத்தான்கள் கட்டை விரலுக்கு எட்டாமல் போகிறதா? கிரிப்பைக் கழற்றாமலே பேட்டரியும் கார்டும் மாற்ற முடிகிறதா? எக்ஸ்-இ4-இல் இரண்டும் அடிப்பக்கத்தில், ஒரே கதவுக்குள் இருப்பதால் கடைசிக் கேள்விதான் முக்கியம். முழு பேட்டரியில் 380 படம் அளவுக்கு வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. தீபாவளி நெருங்கும் வாரத்தில் சிராங்கூன் ரோட்டில் ஒரு மாலைக்கு அது போதாது. கூட்டத்தின் நடுவே நின்று திருகைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது.

செய்யாதீர்கள்: கிரிப் என்ற பெயரில் கேமராவைப் பெரிதாக்காதீர்கள்

கூடுதல் பேட்டரி வைக்கும் செங்குத்துக் கிரிப், ஜூம் லென்ஸ், அதன் முனையில் பூப்போல விரியும் ஹூட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், பெரிய கேமராவின் உருவம் வந்துவிடும், ஆனால் பெரிய கேமராவின் வேலை நடக்காது. தேக்கா மார்க்கெட்டில் பெரிய கேமராவைக் கண்டவுடன் “எந்த டிவி?” என்று கேட்பார்கள். கேட்ட பிறகு மீன் வெட்டுகிறவர் இயல்பாக மீன் வெட்ட மாட்டார், நிமிர்ந்து நின்று போஸ் கொடுப்பார். அந்தப் படத்தை எடுக்கவா ஈரத் தரையில் அவ்வளவு தூரம் போனோம்?

ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் செருகும் கட்டை விரல் தாங்கி எனக்குப் பிடித்த துணைப்பொருள். கிரிப்போடு அதுவும் சேர்ந்தால் பிடி நன்றாக உறுதிப்படும். அதைச் செருகியபின் ஃபிளாஷ் போட முடியாது. தேக்காவில் ஃபிளாஷே வேண்டாம் என்பவன் நான், எனவே எனக்கு அது இழப்பில்லை.

செய்யாதீர்கள்: திருகை இறுக்கிவிட்டு மறந்துவிடாதீர்கள்

இந்தக் கிரிப்புகள் பெரும்பாலும் ட்ரைபாட் மாட்டும் கால் அங்குலத் துளையில்தான் திருகி நிற்கின்றன. நடக்க நடக்கத் திருகு தளரும். தளர்ந்தால் முதலில் ஒரு மெல்லிய ‘கிறீச்’ கேட்கும், பிடியில் நூலளவு ஆட்டம் தெரியும். உடனே இறுக்குங்கள். நாணயத்தை வைத்து முழுப் பலத்தோடு முறுக்கவும் வேண்டாம். திருகின் மறை தேய்ந்தால் கெடுவது கேமராவின் அடித்துளை, கிரிப் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கிரிப்பைக் கழற்றி, அதற்கும் கேமராவுக்கும் நடுவே பாருங்கள். வியர்வை அங்கே போய்த் தங்கும். ஈரம் காய்ந்து உப்பு நிற்கும். கிரிப்பை மாதக் கணக்கில் கழற்றாத கேமராக்களில் அடித்தகட்டின் பூச்சு வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடுகிறது. லேசாக நனைத்த துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால் போதும்.

செய்யுங்கள்: கழுத்து வாரை விட்டுவிட்டு மணிக்கட்டு வார் போடுங்கள்

கிரிப் இருந்தால் கேமரா கையிலேயே இருக்கும், கழுத்துக்கு வேலையில்லை. ஞாயிறு மாலை ரேஸ்கோர்ஸ் ரோடு, டன்லப் ஸ்ட்ரீட் கூட்டத்தில் கழுத்தில் தொங்கும் கேமரா அடுத்தவர் முழங்கையில் இடிக்கும், வார் யாருடைய பையிலாவது சிக்கும்.

செய்யுங்கள்: கிளம்பும் முன்பே அமைப்பை முடித்துவிடுங்கள்

தெருவில் திரையைக் குடைந்துகொண்டிருப்பவர் எதிரில் நடப்பதைப் பார்க்கமாட்டார். பகலுக்கு: எஃப்8, ஐஎஸ்ஓ தானியங்கி, ஷட்டர் 1/250-க்குக் கீழே இறங்காமல் ஒரு வரம்பு. 27 மி.மீ. லென்ஸில் எஃப்8 வைத்து, கைமுறையாக 3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். கேமரா ஃபோகஸைத் தேடும் நேரமே கிடையாது, அழுத்தியவுடன் படம். இந்த லென்ஸின் ஃபோகஸ் மோட்டார் வேகமானது இல்லை, சத்தமும் போடும். ஆகவே இந்த முறை இதற்கு இன்னும் பொருத்தம். 2 மீட்டருக்கும் கிட்டே போகும்போது மட்டும் தானியங்கி ஃபோகஸுக்கு மாறுங்கள்.

செய்யுங்கள்: விளக்கு வெளிச்சத்தில் ஷட்டரை 1/100-இல் நிறுத்துங்கள்

சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/100 நொடி திறந்திருக்கும் ஷட்டர் ஒரு முழு மங்கலையும் ஒரு முழு ஒளியையும் சேர்த்து வாங்கிக்கொள்வதால் படத்துக்குப் படம் வெளிச்சமும் நிறமும் மாறாது. 1/50-ம் சரிதான், ஆனால் நடப்பவர்கள் கலங்குவார்கள். 1/320, 1/500 என்று போனால், அதே கடையை அதே இடத்தில் நின்று அடுத்தடுத்து எடுத்த படங்கள் ஒன்று மஞ்சளாகவும் இன்னொன்று இருட்டாகவும் வரும்.

எலெக்ட்ரானிக் ஷட்டரில் சிக்கல் இன்னும் அதிகம். அது சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் விளக்கு பல முறை மங்கிவிடுவதால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடுகள் விழும். தீபாவளிக்கு சிராங்கூன் ரோட்டின் மேலே கட்டும் எல்இடி அலங்கார வளைவுகளை எடுத்துவிட்டு, கேமரா பழுதாகிவிட்டதோ என்று கவலைப்படுபவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 வையுங்கள்.

செய்யாதீர்கள்: சத்தமில்லாத ஷட்டரைத் திருட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்

சத்தம் வராது, கேமரா சிறிது, திரையை மேலே மடக்கினால் இடுப்பிலிருந்தே எடுக்கலாம். எல்லா வசதியும் இருக்கிறது. அதனால்தான் இதைக் கடுமையாகச் சொல்கிறேன்: பொது இடத்தில் படம் எடுக்கச் சிங்கப்பூரில் பொதுவாகத் தடை இல்லை என்பதும், ஒருவருக்குத் தெரியாமல் அவர் முகத்தை எடுத்துக்கொண்டு போவதும் ஒன்றல்ல. 2014-இல் வந்த, தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இருப்பதால் மட்டும் சொல்லவில்லை. லிட்டில் இந்தியாவில் நாம் எடுப்பது நம்மோடு பேசக்கூடியவர்களை. பேசிவிட்டு எடுக்க ஒரு நிமிடம் ஆகாது.

செய்யுங்கள்: கேட்டுவிட்டு எடுங்கள், கேட்ட பிறகு காத்திருங்கள்

கேம்பல் லேன் பக்கத்துப் பூக்கடை ஒன்று. அக்கா உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருக்கிறார். “அக்கா, கட்டுறத ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றால், பெரும்பாலும் வரும் பதில்: “என்னை எதுக்குப்பா, பூவ எடு.” சரி என்று பூவை எடுங்கள். 27 மி.மீ. லென்ஸ் 34 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும். இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே நான்கு மொட்டுகள், இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். வலது கை நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டை விரலால் சுருக்கை இழுத்து இறுக்குகிறது. ஒவ்வொரு சுருக்குக்கும் பிறகு கை கண்ணிமைக்கும் நேரம் நிற்கும். அந்த நிறுத்தத்தில் ஷட்டரை அழுத்துங்கள். உங்கள் இடது கை பக்கத்துத் தூணில் ஊன்றியிருக்க, கிரிப்பைப் பற்றிய வலது கை ஒன்றே கேமராவைத் தாங்கும். கிரிப்பின் பயன் முழுதாகத் தெரிவது இங்கேதான்.

எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் தொடர்ந்து கட்டுவார். இப்போது நீங்கள் அந்நியர் இல்லை. முகம் அதன் பிறகு தானாகக் கிடைக்கும், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. “வேணாம் தம்பி” என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள், திரும்பிக் கேட்காதீர்கள். சீனக் கடைக்காரர் என்றால் “அங்கிள்”, “ஆன்ட்டி” என்று கூப்பிட்டுக் கேமராவைச் சற்றுத் தூக்கிக் காட்டினால் புரிந்துகொள்வார்.

செய்யாதீர்கள்: ஞாயிற்றுக்கிழமை ஊழியர்களைப் பரிதாபப் படமாக எடுக்காதீர்கள்

வார விடுமுறையில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள் லிட்டில் இந்தியாவில் கூடுகிறார்கள். சாமான் வாங்குவார்கள், பணம் அனுப்புவார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், புல்வெளியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஆறு நாள் உழைப்புக்குப் பிறகு கிடைத்த மாலை அது, நல்ல சட்டை போட்டு, தலை சீவி வந்திருக்கிறார்கள். இருந்தும் நாம் பார்க்கும் படங்களில் பாதி, களைத்துத் தூங்குபவரையும் நடைபாதையில் குந்தியிருப்பவரையும் கறுப்பு வெள்ளையில் காட்டுபவை. தூங்குபவரை எடுக்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை எடுக்காதீர்கள். நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, நண்பன் தோளில் கைபோட்டு “எடுங்கண்ணே” என்று அவர்களே சொல்லும் படம் எத்தனையோ மடங்கு உண்மையானது. அதை வண்ணத்தில் எடுங்கள்.

செய்யாதீர்கள்: முகத்தை வெளுக்க வைக்காதீர்கள்

இது எனக்கு மிக முக்கியம். கேமராவின் ஒளியளவி, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. சட்டகம் நிறையக் கறுத்த முகம் இருந்தால் அதைத் தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும். வெள்ளை வேட்டி சட்டகத்தை நிறைத்தால் வேட்டியை மங்கலாக்கி, மேலே இருக்கும் முகத்தை இருட்டடித்துவிடும். இரண்டுமே தவறு. கிட்ட இருக்கும் கறுத்த முகத்துக்கு எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்தும், வெள்ளை உடை நிறைந்த படத்துக்கு மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டியும் தொடங்கிப் பாருங்கள். எக்ஸ்-இ4-இல் அதற்கான சக்கரம் மேல்தட்டின் வலது ஓரத்தில் இருக்கிறது, வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டை விரலாலேயே திருப்பலாம். மிரர்லெஸ் கேமராவில், எடுக்கும் முன்பே விளைவு கண்ணெதிரே தெரிவது பெரிய வரம்.

பிறகு கம்ப்யூட்டரில் சருமத்தை மென்மையாக்கும், வெளுப்பாக்கும் வேலைகளைச் செய்யாதீர்கள். நம் ஆட்களின் நிறத்தை, அதில் மதிய வெயில் பட்டு மினுங்கும் எண்ணெய்ப் பளபளப்போடு, உள்ளபடி காட்டத் தெரியாத படம் அழகான படம் கிடையாது.

செய்யுங்கள்: சிவப்பைத் தனியாகக் கவனியுங்கள்

செவ்வந்தி, ரோஜா மாலை, குங்குமம், பட்டுப்புடவையின் அரக்கு. தேக்காவின் பாதி நிறம் சிவப்புப் பக்கமே இருக்கிறது. மொத்த வெளிச்சம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இதழ்களின் மடிப்பெல்லாம் மறைந்து வெறும் நிறத் திட்டாகிவிடும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பு வலது விளிம்பில் முட்டுகிறதா என்று பாருங்கள். ஃபியூஜியில் வெல்வியா என்ற நிறச்சாயலை மாலைக்கடைக்கு வைக்காதீர்கள், ஏற்கெனவே அடர்ந்த நிறத்தை இன்னும் அடர்த்தியாக்கும். ப்ரோவியா போதும். ரா கோப்பும் சேர்த்து எடுங்கள். கெர்பாவ் ரோட்டில் 1900-இல் கட்டப்பட்ட டான் டெங் நியாவின் வீடு இருக்கிறதே, கதவுக்கு ஒரு நிறம், ஜன்னலுக்கு ஒரு நிறமாக, அதற்கும் இதே அறிவுரைதான்.

செய்யுங்கள்: உச்சி வெயிலில் அஞ்சடிக்குள் வந்துவிடுங்கள்

பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் உள்ள ஊரில் மதியம் ஒரு மணியளவில் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு மேல் நிற்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் சரியாக உச்சியில். வெயிலில் நிற்பவரின் கண்குழிகள் கறுத்துப்போகும். ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டம், கடைவரிசைகளுக்கு முன்னால் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்று சொன்னது. நம்மவர்கள் அஞ்சடி என்று அழைக்கும் அந்த நடைபாதை, படம் எடுப்பவர்களுக்குக் கிடைத்த கொடை. தெருவில் விழும் வெயில் தரையில் பட்டுத் தெறித்து, கூரை நிழலில் நிற்பவரின் முகத்தில் பக்கவாட்டில் மென்மையாக விழும். கடைக்காரரைத் தெருப்பக்கம் முகம் திருப்பச் சொல்லி, நீங்கள் தெரு ஓரத்தில் நின்று எடுங்கள். வழியை மறிக்காதீர்கள். அது நடப்பவர்களுக்கான வழி.

செய்யாதீர்கள்: குளிரிலிருந்து வெளியே வந்தவுடன் படம் எடுக்கவோ லென்ஸ் மாற்றவோ கூடாது

முஸ்தஃபா சென்டரின் ஏசியில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு சையத் ஆல்வி ரோட்டில் கால் வைத்ததும் லென்ஸ் பனி மூடிக்கொள்ளும். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிவதால் வருவது. துடைத்தால் மறுபடியும் படியும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் ஈரக்காற்று சென்சார் வரை போகும். வெளியே வருமுன் கேமராவை ஜிப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமரா உள்ளே மெல்லச் சூடேறும். கால் மணி நேரம் கழித்துத் திறக்கலாம். உலோகக் கிரிப் குளிரைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும், தொட்டுப் பார்த்தால் கேமரா தயாரா என்று தெரிந்துவிடும்.

செய்யுங்கள்: ட்ரை கேபினட் வாங்குங்கள்

இரண்டாவது லென்ஸுக்கு முன் இதை வாங்குங்கள். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். அலமாரியிலும் தோல் பையிலும் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலை போலப் படரும், கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். கேபினட்டுக்குள் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காடு வரை வைத்திருங்கள். அதற்கும் கீழே காயவிட்டால் ரப்பர் பாகங்கள் கெடலாம். கிரிப்பையும் வாரையும் கழற்றி, வெளியில் காயவிட்ட பிறகே கேமராவை உள்ளே வையுங்கள்.

செய்யாதீர்கள்: லென்ஸில் ‘டபிள்யூஆர்’ என்று எழுதியிருப்பதை நம்பி மழையில் நிற்காதீர்கள்

இந்த 27 மி.மீ. லென்ஸ் தூறலைத் தாங்கும், எக்ஸ்-இ4 உடல் தாங்காது. கிரிப் மாட்டியதாலும் அடிக்கதவுக்குப் பாதுகாப்பு கூடிவிடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையிலும் முற்பகலிலும் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழை சில நிமிடங்களில் தெருவை நனைத்துவிடும். பையில் ஒரு பிளாஸ்டிக் உறை எப்போதும் இருக்கட்டும்.

செய்யாதீர்கள்: கோயிலில் கேமராவை முன்னால் நீட்டிக்கொண்டு நுழையாதீர்கள்

வீரமாகாளியம்மன் கோயிலானாலும் சீனிவாசப் பெருமாள் கோயிலானாலும் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் அலுவலகத்தில் கேளுங்கள். கருவறையை எடுக்காதீர்கள். கண்மூடிக் கும்பிடுபவரின் முகத்துக்கு நேரே கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். ஃபோகஸுக்கு உதவ முன்பக்கத்தில் எரியும் சிறு விளக்கை மெனுவில் அணைத்துவிடுங்கள், தீபாராதனை நேரத்தில் அது எல்லோர் கண்ணையும் இழுக்கும். டன்லப் ஸ்ட்ரீட்டின் அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்கும் இதே மரியாதை வேண்டும். தொழுகை நேரத்தில் கேமரா பையிலேயே இருக்கட்டும்.

தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோட்டில் உள்ள தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் நடக்கும். அன்று கேமராவுக்கு இரண்டாம் இடம்தான். அலகு குத்தியவரின் பாதையில் பின்னோக்கி நடந்தபடி எடுக்காதீர்கள், அவர் தடுமாறினால் வேல்கம்பிகள் அவர் உடலுக்குள் இழுபடும். கூட வரும் அம்மா, அண்ணன், தம்பிகள் வட்டமாக நின்று காப்பார்கள், அந்த வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள். அலகு குத்தும் நேரத்தைவிட, பால்குடம் சுமந்து நடக்கும் ஒரு பாட்டியின் பாதங்களையோ, காவடி இறக்கிய பின் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் இளைஞனையோ எடுங்கள். குழந்தைகளின் படமானால் பெற்றோரிடம் கேட்டே தீர வேண்டும்.

செய்யாதீர்கள்: சிவப்புப் பலகையைத் தாண்டிக் கேமராவைத் திருப்பாதீர்கள்

துப்பாக்கி ஏந்தியவரும் கை தூக்கியவரும் வரைந்த பலகையை, நான்கு மொழிகளில், தமிழும் சேர்த்து, பார்த்திருப்பீர்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களைப் படம் எடுப்பதை 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் கடுமையாகவே பார்க்கிறது. சின்னக் கேமரா என்பதால் யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

செய்யுங்கள்: மரினா பேயில் கிரிப்பை ட்ரைபாட் தகடாகப் பயன்படுத்துங்கள்

சில கிரிப்புகளின் அடித்தட்டு ஆர்க்கா-சுவிஸ் அளவில் சரிவாக வெட்டப்பட்டிருக்கும், தனித் தகடு திருகாமல் நேரே ட்ரைபாட்டில் சறுக்கி மாட்டலாம். இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே மறைகிறது. அந்தியின் நீலம் அதிக நேரம் நிற்காது. ஏழு மணிக்குள் இடம் பிடித்து நின்றுவிடுங்கள். ஹீலிக்ஸ் பாலத்தின் மேல் ட்ரைபாட் வைக்காதீர்கள். ஓடுபவர்கள் கடக்கும்போதெல்லாம் பாலம் அதிரும், பத்து நொடிப் படம் தாங்காது. கரையில் நின்று எடுங்கள். சிராங்கூன் ரோட்டுக்கு ட்ரைபாட்டே வேண்டாம்.

செய்யுங்கள்: பழைய கேமரா வாங்கும்போது அடிப்பக்கத்தை முதலில் பாருங்கள்

எக்ஸ்-இ4 தயாரிப்பு நின்றுவிட்டது, எனவே கைமாறியதைத்தான் தேட வேண்டும். கோல்மன் ஸ்ட்ரீட் பெனின்சுலா கடைகளில் பழையவை கிடைக்கும். ட்ரைபாட் துளையின் மறை தேய்ந்திருக்கிறதா, கிரிப் உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸைக் கழற்றி, கைப்பேசி விளக்கைப் பின்னாலிருந்து அடித்து, பூஞ்சை இழை தெரிகிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், வீட்டில் உள்ள லென்ஸ்களுக்கும் பரவக்கூடும்.

செய்யுங்கள்: அனுப்புகிறேன் என்று சொன்ன படத்தை அன்றிரவே அனுப்பிவிடுங்கள்

ஊழியர்கள் பலர் படத்தை உடனே கேட்பார்கள். ஊரில் அம்மாவுக்கோ மனைவிக்கோ போகும். எண்ணை வாங்கிக்கொள்ளும்போது பெயரையும், சட்டை நிறத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இரவில் நூறு படங்களுக்கு நடுவே யார் யார் என்று குழப்பம் வராது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போதுதான் வீட்டில் யாராவது பிரிண்ட் போட்டு மாட்ட நினைத்தாலும் தெளிவாக வரும்.